வழியில் போன உயிர்

காலை 6.10. பொது மருத்துவமனை வாசலில் வந்து நின்ற ஆம்புலன்ஸின் கதவைத் திறந்தார்கள். உள்ளே இருந்த பெரியவருக்கு உயிர் இல்லை. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். புறங்கையில் ஊசி குத்தியிருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி.

பின்னாலேயே டாக்சியில் வந்து இறங்கிய மகளை அவள் அண்ணன் பிடித்துக்கொண்டான்.

"இங்க மாத்தறதுக்குக் கையெழுத்துப் போட்டு அப்பாவைக் கொன்னுட்டியேடி! அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்திருந்தா பொழைச்சிருப்பாரு!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஓரமாக நின்ற பொருளாதார ஆராய்ச்சிக்காரிக்கு இது பொறுக்கவில்லை. மருத்துவமனை ஊழியர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'புள்ளிவிவரம்'. பெரியவர் படுத்திருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே போன வருடம் இன்னொன்று முளைத்தது. அன்றிலிருந்து பழையதில் சாவு பாதியாகக் குறைந்துவிட்டது. அதே டாக்டர்கள், அதே கட்டில்கள், நோயாளிகள் மட்டும் அதிகம். போட்டி வந்தது, தரம் உயர்ந்தது என்று அவளுடைய மேலதிகாரிகள் பூரித்துப்போனார்கள். அவளுக்கு மட்டும் அது தொண்டைக்குள் இறங்கவில்லை. குறைந்த சாவெல்லாம் எங்கே போயிற்று என்று தேடித்தான் ஒரு வாரமாக இந்த வாசலில் தவம் கிடந்தாள்.

6.40. தனியார் ஆஸ்பத்திரி மேனேஜர் கசங்காத சட்டையோடு வந்து சேர்ந்தார். தகவல் கேட்டு வந்திருந்த இன்ஸ்பெக்டர் விசாரணையை முடிக்கப் பார்த்தார்.

"வழியில போன உயிரும்மா. இதுல துப்பு துலக்க என்ன இருக்கு?"

"கொஞ்சம் பொறுங்க சார்." புள்ளிவிவரம் மகளிடம் திரும்பினாள். "அப்பா என்ன மாத்திரை சாப்பிட்டாரும்மா?"

"ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை, அக்கா. ஷேவ் பண்றப்போ கீறினாக்கூட ரத்தம் லேசுல நிக்காது."

"கையெழுத்து வாங்கினது யாரு?"

"மேனேஜரே வந்தாரு. கெஞ்சிக் கேட்டாரு. அப்பாவைப் பார்க்க உள்ள விடலை."

மேனேஜர் சிரித்தார். "புறப்படறப்போ பெரியவர் என்கிட்ட பேசினார் மேடம். வண்டியில ஏத்தறப்போதான் ஊசியையே எடுத்தோம்."

"அப்போ பஞ்சு ஏன் சார் காய்ஞ்சு கிடக்கு?"

மேனேஜர் எட்டி அந்தக் கையைப் பார்த்தார்.

"இந்த மாத்திரை சாப்பிடறவர் கையிலேர்ந்து ஊசியை எடுத்தா பஞ்சு நனைஞ்சிருக்கணும். ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை. இதயம் நின்னப்புறம் எடுத்த ஊசி இது. சாதாரணமா நோயாளியை மாத்தினா நர்ஸ்தான் கையெழுத்து வாங்குவாங்க. விடியறதுக்கு முன்னாடி மேனேஜர் ஓடி வர்றாருன்னா, உள்ள ஆள் போயாச்சுன்னு அர்த்தம். செத்தவருக்கு மாஸ்க் மாட்டி இங்க தள்ளிவிட்டது நீங்கதான். சாவு இந்த ஆஸ்பத்திரி கணக்குல ஏறும், உங்க பேர் சுத்தமா இருக்கும். எதிர்க்கடையை ஜெயிக்க நல்ல வழி!"

"உங்க ஆராய்ச்சிக்கு நிதி தர்றது எங்க தனியார் ஆஸ்பத்திரி சங்கம். மறந்துடாதீங்க."

"தாராளமா நிறுத்துங்க. நான் எழுதறதை நிறுத்த மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார். "பிரேதப் பரிசோதனை வைக்கணும்னா குடும்பத்துல யாராவது புகார் தரணும்."

"பெரிய இடம். நமக்கு எதுக்கு வம்பு?" என்றான் அண்ணன்.

"தங்கச்சிதான் கொன்னாள்னு கத்தறப்போ மட்டும் குரல் வந்துச்சே!" என்று சீறினாள் மகள். முதல் தடவையாக நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தாள். "புகார் நான் தரேன் சார். என் அப்பா எங்க செத்தாரோ, அந்த ஆஸ்பத்திரி பேர்லதான் சாவை எழுதணும். எழுதற வரைக்கும் உடம்பை வாங்க மாட்டேன்."

அவள் வாசல் நடுவிலேயே உட்கார்ந்தாள். சற்றுத் தயங்கிவிட்டு, அண்ணனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.