முப்பத்தெட்டு வீதத்தில் அறுந்தது!

“ஐயோ... திரும்பவும் போயிட்டுது!”

உதவியாளர் சுஹைராவின் அலறலில் அந்தச் சட்டத்தரணி அலுவலகமே எழுந்து நின்றது.

திரையில் வீடியோ ஏற்றம் முப்பத்தெட்டு வீதம். அதற்கு மேல் நகரவில்லை. இணைய இணைப்பு செத்துக் கிடந்தது.

மூன்றாவது முறை!

மணி இரண்டரை. துறைமுக ஐஸ் கடையின் கமராவில் பதிந்த கொலைக் காட்சி அந்தக் கணினியில் இருந்தது. படகு முதலாளி ஸஹாப்தீனை ஒருவன் தண்ணீருக்குள் தள்ளுகிறான். முகம் மட்டும் மங்கல்!

கொழும்பு நிபுணர் அந்த முகத்தைத் தெளிவாக்கி நான்கு மணிக்குள் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் படகோட்டி வீரக்குட்டி, செய்யாத கொலைக்கு, இன்னும் பதினான்கு நாள் மறியல் சிறையில்!

“மெயில் போகுது, மிஸ். வீடியோ ஏத்தேக்கதான் அறுகுது. பாரம் கூடினா விழுது.”

சொன்னவன் பிரதீஸ். கணினி பழுது பார்ப்பவன். கையில் ஃபோன்.

“விழுதோ... விழுத்துறியோ?”

கதிரையில் சாய்ந்திருந்த ஹிஸ்புல்லா கேட்டார். ஸஹாப்தீனின் தொழில் கூட்டாளி. உதவிக்கென்று வந்தவர்.

“தங்கச்சி, கவனிச்சியா? நெட் அறுகிற நேரமெல்லாம் இவன்ட கையில ஃபோன்!”

சுஹைரா பிரதீஸின் கையைப் பார்த்தாள். மூன்று முறையும் அப்படித்தானே!

வீடியோவுக்குக் காவலாக வந்த சார்ஜன்ட் திரும்பினார். “உண்மையா, மிஸ்?”

“ஓம் சேர்... மூண்டு தரமும்... நான் கண்டனான்.”

க்ளிக்! பிரதீஸின் கைகளில் விலங்கு.

“என்ன கதை இது, மிஸ்? அறுந்த பிறகு சிக்னல் பார்க்கத்தானே ஃபோனை எடுத்தனான்! சரி... ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. போன கிழமை வேண்டாமெண்டு சொன்ன அந்த உறை... கழட்டிட்டீங்கதானே?”

சுஹைராவின் பார்வை மேசைக்குக் கீழே போனது.

உறை!

உப்புக் காற்றில் கணினிப் பெட்டி துருப்பிடிக்குமே என்று அவளே தைத்தது. ரோசாப்பூ எம்ப்ராய்டரி. மூன்று நாள் வேலை. பிரதீஸ் கழற்றி வைத்துவிட்டுப் போனான். அவன் படியிறங்கியதும் மறுபடி மாட்டினாள். மேசைக்குக் கீழே இப்போதும்...

யாரும் குனிந்து பார்க்கவில்லை. காலால் மெல்ல இழுத்துவிட்டால் போதும். ஒருவருக்கும் தெரியாது!

காலை நீட்டினாள்.

பிரதீஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பிக்கையோடு!

காலை இழுத்துக்கொண்டாள்.

“சேர்... அவரில பிழையில்ல. நான்தான்... கழட்டேல்ல.”

குனிந்து உறையை உருவினாள். பெட்டியின் பின்னால் செருகியிருந்த வைஃபை டொங்கிள் தோசைக்கல்லாய்ச் சுட்டது!

“பெரிய வேலை குடுத்தா பெட்டி கொதிக்கும், மிஸ். உறைக்குள்ள சூடு போக வழியில்ல. டொங்கிள் மயங்கி விழுது. ஆறினா எழும்புது.”

சார்ஜன்ட் சிரித்தபடி விலங்கைக் கழற்றினார். “பூ வடிவா இருக்கு, மிஸ்!”

சுஹைரா துணியை மடித்தாள். மறுபடி மடித்தாள். எப்படி மடித்தாலும் ஒரு ரோசாப்பூ வெளியே தெரிந்தது.

பிரதீஸ் டொங்கிளை நீள வயரில் கொழுவி ஃபேனுக்கு முன்னால் வைத்தான்.

முப்பத்தொன்பது... எழுபது... நூறு!

மூன்று ஐம்பது. கொழும்பிலிருந்து படம் வந்தது. நீதிமன்றத்துக்கும் அதே படம் போயிருந்தது. வீரக்குட்டி தப்பினான்!

சுஹைரா திரையைப் பார்த்தாள். பிறகு கதிரையைப் பார்த்தாள்.

கதிரை காலி!

படிகளில் தடதடவென்று ஓசை... சார்ஜன்ட் பாய்ந்தார். கீழே ஹிஸ்புல்லாவின் ஓலம்!

“மன்னிச்சிருங்கோ, பிரதீஸ்... கொலைகாரன்ட கதையைக் கேட்டு உங்களை...”

அவள் தலை நிமிரவில்லை.

பிரதீஸ் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

“பரவாயில்ல, மிஸ். அடுத்த தரம் நெட் போனா முதல்ல எனக்குச் சொல்லுங்கோ... பொலிசுக்குப் பிறகு சொல்லலாம்!”