கீழே ஓடும் எழுத்து

நட்டாலிக்கு மூக்கின் மேல் கோபம் என்று அவள் அம்மா அகதா அடிக்கடி சொல்வார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கோபத்துக்கு மூக்கு மட்டும் போதவில்லை, காதும் சிவந்துவிட்டது. சும்மா வந்த கோபமா அது? முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு தோட்டம். அங்கே வரிசையாகப் பத்து வீடுகள் கொண்ட ஒரு லயம். அதில் காளியண்ணன் மாமா வீட்டு டிவிதான் பெரியது, சுவரில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இணையத்தில் புதுப் படங்கள் பார்க்க வசதி இருப்பதும் அவர் வீட்டில்தான். மாமா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். குரலும் லோரி ஹாரன் போலத்தான். மனசு மட்டும் தாராளம்.

ஞாயிறு மூன்று மணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிடுவார். லயமே வந்து பாய் விரித்து உட்கார்ந்துவிடும். அவர் மனைவி மோகனா அத்தை தட்டு நிறைய கெரோப்போக், அதாவது மீன் அப்பளம், பொரித்து வைப்பார். வாரம் ஒரு வீட்டு முறை. முறை வந்த வீட்டார்தான் அன்றைக்குப் படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

எல்லாம் சரி. மாமாவிடம் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. தியேட்டரில் தமிழ்ப் படம் போட்டாலும் கீழே மலாய் எழுத்து ஓடும் அல்லவா? அது அவருக்கு ஆகவே ஆகாது.

"தமிழனுக்குத் தமிழ்ப் படம் பாக்க எதுக்குய்யா எழுத்து? மூஞ்சிய மறைக்குது! என் வீட்டுல அது ஓடக்கூடாது!" என்பார். ரிமோட்டை எடுத்து எழுத்தை நிறுத்திவிட்டுத்தான் காலை நீட்டுவார்.

நான்காம் வீட்டு நித்தியாவும் வருவாள். அவளும் நட்டாலியும் ஐந்தாம் ஆண்டில் ஒரே வகுப்பு. நித்தியாவுக்கு வலது காது கேட்காது. இடது காதில் கருவி மாட்டியிருப்பாள். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தால் ஆசிரியர் சொல்வது கேட்கும். ஆனால் மாமா வீட்டுக் கூடத்தில் மின்விசிறி சுற்றும், கெரோப்போக் நொறுங்கும், மாமாவின் மகன் செல்வா விசிலடிப்பான். கருவிக்குள் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும்.

அந்த ஞாயிறன்றுதான் நட்டாலி அதைக் கவனித்தாள். படத்தில் ஒரு வேடிக்கை வந்தது. எல்லாரும் சிரித்து முடிக்கும்போதுதான் நித்தியா சிரிக்க ஆரம்பித்தாள்.

"நீ ஏன் சிரிச்ச?" நட்டாலி அவள் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க."

"என்ன சொன்னாங்கன்னு தெரியாமலா?"

நித்தியா தோளைக் குலுக்கினாள். "மாமா டிவி வாங்குனதுல இருந்து அப்படித்தான் லா."

மாமா டிவி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடம்! நட்டாலிக்குத் தலைக்கேறிவிட்டது. எழுந்து போய் டிவிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"மாமா! எழுத்தப் போடுங்க! நித்தியாவுக்கு ஒண்ணுமே கேக்கல. ரெண்டு வருஷமா சும்மா பொம்மை பாத்துட்டு இருக்கா!"

"ஏய், தள்ளு! படத்துல சண்டை வருது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"அந்தப் பிள்ளைக்குத்தான் மெஷின் இருக்கே. முன்னால வந்து உட்காரச் சொல்லு" என்றார் மாமா.

"அச்சச்சோ, பாவம்!" என்றார் மோகனா அத்தை.

அவ்வளவுதான், கூடமே திரும்பி நித்தியாவைப் பார்த்தது. செல்வா டிவி சத்தத்தை உச்சிக்கு ஏற்றிவிட்டு, "இப்பக் கேக்குதா?" என்று அவள் காதருகே அலறினான். நித்தியா வலி தாங்காமல் கருவியைக் கழற்றிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நட்டாலி பின்னாலேயே ஓடினாள். "எங்க போற? நான் உனக்காகத்தானே சண்டை போட்டேன்!"

கருவியை மாட்டிக்கொண்டு அதைத் திரும்பச் சொல்லவைத்தாள் நித்தியா. கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? எல்லாரும் என்னைப் பாவம்னு பாத்தாங்க. எனக்கு எவ்வளவு வெக்கமா இருந்துச்சு தெரியுமா? இனிமே நான் படத்துக்கே வரமாட்டேன்."

இப்போது நட்டாலியின் கோபத்தில் பாதி மாமா மேல், கால்வாசி செல்வா மேல். மிச்சம் தன் மேலேயே இருந்தது.

சொன்னபடியே அடுத்த ஞாயிறு நித்தியா வரவில்லை. மோகனா அத்தை ஒரு தட்டு கெரோப்போக்கை அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கெரோப்போக்கையா கேட்டாள் அவள்? நட்டாலி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு நட்டாலி வீட்டு முறை. அவள் அண்ணன் கில்பர்ட் கார்ப் பந்தயப் படம் ஒன்றை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தான்.

"போன ரெண்டு முறையும் நீதான் எடுத்த. இது என்னோடது!" என்று இடுப்பில் கைவைத்து நின்றாள் நட்டாலி.

"அவ சொல்றது நியாயம்தான்டா" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நட்டாலி நேராக நித்தியா வீட்டுக்குப் போனாள்.

"உனக்கு எந்தப் படம் பாக்கணும்?"

"நான்தான் வரமாட்டேன்னு சொன்னேனே."

"வர வேணாம். சும்மா சொல்லு."

நித்தியா புத்தகப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தாள். வீட்டிலிருந்தே பார்க்க வேண்டிய பத்து விருதுப் படங்கள் என்று அதில் போட்டிருந்தது. ஐந்தாவது படத்துக்கு ஐந்து நட்சத்திரம். அதைச் சுற்றி அவள் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள்.

"பனிமலையில ஒரு தபால்காரம்மா. கையில ஒரே ஒரு கடிதம் இருக்கும், யாருக்குன்னு தெரியாது. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் புகழ்ந்திருக்காங்க. ஆனா அது தமிழும் இல்ல, மலாயும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. இங்க யாருக்கும் புரியாது."

"யாருக்குமே புரியாதா?"

"எழுத்து போட்டாத்தான் புரியும்."

நட்டாலி சிரித்தாள். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று நித்தியா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தத் தடவை உன்னைக் கேக்குறேன். இதையே எடுக்கட்டுமா?"

நித்தியா யோசித்தாள். "எடு. நானும் வரேன். ஆனா அன்னிக்கு மாதிரி கத்தக்கூடாது."

"சத்தியமா கத்தமாட்டேன்."

ஞாயிறு வந்தது. படம் ஆரம்பித்தது. எங்கு பார்த்தாலும் பனி. தபால்காரம்மா ஒரு கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு கிழவர் வந்து நீளமாக என்னவோ பேசினார்.

"என்னடா சொல்றான்?" என்றார் மாமா.

"தெரியலப்பா" என்றான் செல்வா.

"யாரு இந்தப் படத்த எடுத்தது?"

"எங்க வீட்டு முறை மாமா. அஞ்சு நட்சத்திரப் படம்" என்றாள் நட்டாலி.

"அம்பது நட்சத்திரமா இருந்தா எனக்கென்ன? தலையும் புரியல, வாலும் புரியல!"

'இப்பத் தெரியுதா?' என்று கத்த வேண்டும் போல நட்டாலிக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. சத்தியம் செய்திருக்கிறாளே! கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"எழுத்தப் போட்டாப் புரியும் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

மாமா ரிமோட்டைப் பார்த்தார். அவர் வீட்டுச் சட்டம் அவருக்கே இடித்தது. அதற்குள் தபால்காரம்மா படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ, அவ ஏன் அழுவுறா? எழுத்தப் போடுங்களேன்!" என்று மோகனா அத்தை சத்தம் போட்டார். மாமா பொத்தானை அழுத்தினார்.

எழுத்து வந்தது. வந்ததும் புதுத் தொல்லையும் வந்தது. மாமாவின் மூக்குக் கண்ணாடி லோரியில் இருந்தது. லோரி தஞ்சோங் காராங் பட்டறையில் இருந்தது. அவர் கண்ணைச் சுருக்கி இரண்டு சொல் கூட்டுவதற்குள் அந்த வரி ஓடிப்போய்விட்டது. செல்வாவோ மூன்றாம் ஆண்டு, அவனுக்கு அவ்வளவு வேகம் போதாது.

"இந்தக் கடிதம் யாருக்குன்னு தெரியல. மழையில முகவரி அழிஞ்சிபோச்சு" என்றது ஒரு குரல்.

கதவோரம் உட்கார்ந்திருந்த நித்தியாதான்.

"சத்தமாச் சொல்லு தாயி! முன்னால வா!" என்றார் மாமா.

அவள் முன்னால் வந்து, ஓடுகிற மலாய் எழுத்தை அப்படியே தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். கிழவர் பேசினால் கிழவர் குரல், தபால்காரம்மா பேசினால் இன்னொரு குரல். தபால்காரம்மாவின் கழுதை பனியில் படுத்துக்கொண்டு அடம்பிடித்தபோது அவள்தான் முதலில் சிரித்தாள். மற்றவர்கள் அப்புறம்தான் சிரித்தார்கள்.

நடுவில் மாமா வீட்டு வேலிக்குள் ஒரு மாடு புகுந்துவிட்டது. மாமா விரட்டிவிட்டு வருவதற்குள் தபால்காரம்மா வேறொரு வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு? இது யாரு வீடு?" பின்னாலிருந்து மாமா கேட்டார். படம் பார்க்கிற மும்முரத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. நித்தியாவுக்கோ கேட்கவே இல்லை.

"அட, யாராச்சும் சொல்லுங்களேன்! அஞ்சு நிமிஷமா ஒண்ணும் புரியாம நிக்கிறேன், எரிச்சலா வருது!"

சொன்னவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நித்தியாவின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுற்றிப் போய், அவள் முகத்துக்கு நேராகப் பாயில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார். "நித்தியா, எனக்கும் கொஞ்சம் சொல்லும்மா."

அவள் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் அந்தக் கடிதம் யாருக்கு என்று தெரிந்தபோது மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வெக்கையாம்!

அடுத்த ஞாயிறு மாமா வீட்டு முறை. தமிழ்ச் சண்டைப் படம். செல்வா ரிமோட்டை எடுத்தான்.

"அப்பா, எழுத்து மூஞ்சிய மறைக்குது. நிறுத்தட்டா?"

"கைய எடுடா!" ஹாரன் முழங்கியது. "மறைச்சா எட்டிப் பாரு! எழுத்து இல்லாமப் படம் பாக்கறது ஒரு படமா? இது கூடத் தெரியாதா உனக்கு?"

என்னமோ அவரே கண்டுபிடித்தது போலப் பேசுகிறாரே! நட்டாலிக்கு மறுபடியும் மூக்கு சிவந்தது. ஒரு கேள்வி கேட்டே தீர வேண்டும் என்று எழப்போனாள்.

நித்தியா அவள் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"சும்மா உக்காரு லா, நான் படம் பாக்கணும்."