ஒன்பதாம் அத்தியாயம், நான்காவது வாசிப்பு

பதினான்காவது நிமிடத்தில் மாரிவெல் மூச்சை இழுத்தாள். அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் இன்னொரு மூச்சு கேட்டது. அது அவளுடையது இல்லை.

நிங் பதிவை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி கேட்டாள். லுனிங்னிங் என்ற முழுப் பெயரால் அவளைக் கூப்பிட வீட்டில் ஆளில்லை. கணவன் கப்பலில் இருந்தான். மரிக்கினா நகரத்தின் அந்தத் தெருவில் கருவாடு வறுக்கும் வாடையும் மூன்று சக்கர வண்டிகளின் இரைச்சலும் கொஞ்சம் அடங்குகிற பகல் பத்து மணிக்கு, சன்னலைச் சாத்தி, சத்தம் வரும் என்று மின்விசிறியையும் அணைத்துவிட்டு, முதுகில் வியர்வை ஓட ஓட உட்கார்ந்து, யார் யாரோ ஒலிப்புத்தகமாக வாசித்த கதைகளைப் புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுக் கேட்பதுதான் அவள் பிழைப்பு. தப்பு இருந்தால் குறித்து அனுப்புவாள். வாசித்தவர் அதைத் திரும்ப வாசித்தே ஆகவேண்டும். பதினோரு வருஷம் இதையே செய்ததில் அவளுக்கு மனிதக் குரல் என்றாலே எரிச்சல் வர ஆரம்பித்திருந்தது.

வராமல் என்ன செய்யும்? ஒருத்தி வரிக்கு ஒரு தடவை உதட்டை நக்குவாள், கேட்கவே குமட்டும். ஒருத்தன் கிழவர் பேசும் இடமெல்லாம் சளி பிடித்தவன்போல இழுப்பான். இன்னொருத்தி, கதையில் வருகிறவள் அழுவதற்கு முன்னால் தானே அழுது தீர்த்துவிடுவாள். ‘எல்லாத்தையும் நீயே அழுதுட்டா கேக்கறவனுக்கு அங்க என்ன வேலை?’ என்று நிங் எழுதிய குறிப்பைப் படித்த பிறகு அந்தப் பெண் வாசிப்பதையே விட்டுவிட்டாள் என்று கேள்வி. விட்டால் விட்டுப்போகட்டும், காது பிழைத்தது என்று நினைத்தாள் நிங். புத்தகம் மட்டும்தான் கேட்க வேண்டும், வாசிக்கிறவர் அங்கே இருப்பதே தெரியக்கூடாது என்பது அவள் கட்சி.

இந்த மாரிவெல் புதுசு. லீப்பா என்ற ஊரில் தனியாக ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். வாசிக்கிறவர்களில் பாதிப் பேரைப்போல அவளும் துணி அலமாரிக்குள் நாற்காலியைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தொங்குகிற உடுப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் வாசிப்பாள். துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். அவளிடம் கொடுத்திருந்தது ஒரு பேய்க்கதை. எட்டு அத்தியாயம் எப்படியோ தேறிவிட்டது.

‘அலமாரிக்குள்ளே ஆள் வெச்சுக்கிட்டு வாசிக்காதே’ என்று குறித்து, ஒன்பதாம் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினாள் நிங்.

மறுநாள் வந்த இரண்டாவது வாசிப்பில் அந்த மூச்சு இன்னும் கிட்டத்தில் இருந்தது. போதாததற்கு மாரிவெல்லின் குரலும் நடுங்கியது. சாதாரணமாகக் கதவு திறக்கிற வரியில்கூட நடுக்கம். நிங் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘நடிப்பு ஜாஸ்தி’ என்று எழுதினாள். கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

“அக்கா, நான் மாரிவெல் பேசறேன்.”

“அதான் எழுதி அனுப்பியிருக்கேனே. அதுக்கு மேல என்ன பேச்சு?”

“உள்ள வேற யாரும் இல்லக்கா. நான் மட்டும்தான். ஆனா வாசிக்கும்போது பின்னாடி தொங்கற துணி கழுத்துல வந்து படுது. நான் அசையறதே இல்ல. அதுவா வந்து படுது.”

“அப்போ துணியை எடுத்துட்டு உக்காரு. இதுக்கெல்லாம் ஒரு போனா?”

“எடுத்துட்டேன்க்கா. முந்தாநாளே எல்லாத்தையும் எடுத்துட்டேன்.”

நிங்குக்குச் சுரீரென்று கோபம் வந்தது. வெறும் அலமாரிக்குள் பேசினால் தகர டப்பாவுக்குள் பேசுகிறமாதிரி இருக்கும், இந்தக் காதை யார் ஏமாற்ற முடியும்? இரண்டு வாசிப்பிலும் குரல் மெத்தென்றுதான் விழுந்திருந்தது. அந்த அலமாரி நெருக்கமாக நிறைந்திருந்தது.

“பொய் சொல்லாதடி. உள்ள நிறைய இருக்கு. எனக்குக் கேக்குது.”

ரகசியம்போல, “என்ன கேக்குது உங்களுக்கு?” என்றாள் மாரிவெல்.

“உன் நாடகம்தான் கேக்குது. பயந்த குரல்ல படிச்சா கேக்கறவங்களும் பயந்துடுவாங்கன்னு எவன் சொன்னான் உனக்கு?”

“இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் சரின்னு விட்டுடுங்கக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இன்னொரு தடவ என்னை உள்ள போகச் சொல்லாதீங்க.”

“நாளைக்குள்ள வந்தாகணும்” என்று நிங் போனை வைத்தாள்.

மூன்றாவது வாசிப்பு புதன்கிழமை வந்தது. பாதி வார்த்தை அழுகையில் போயிருந்தது. பதினான்காவது நிமிடத்தில் வாசிப்பு நின்றது. பலகையின்மேல் எதையோ மெதுவாக இழுப்பதுபோல ஒரு சத்தம். அப்புறம் மாரிவெல், புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தை சொன்னாள். “அம்மா.” அதோடு பதிவு முடிந்துவிட்டது.

திரையில் ‘சரி’, ‘திரும்ப’ என்று இரண்டு பொத்தான்கள். நிங்கின் விரல் ஒரு கணம் தயங்கியது. அவளுக்குள்ளும் ஏதோ சில்லிட்டது, இல்லை என்று சொல்ல முடியாது. அதனாலேயே கோபம் இரட்டிப்பானது. என்னையே பயமுறுத்தப் பார்க்கிறாளா? ‘அழுகை நம்பும்படி இல்லை’ என்று எழுதி, ‘திரும்ப’ என்பதை அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நான்காவது வாசிப்பு வந்து சேர்ந்தது.

அடடா, அதுவல்லவா வாசிப்பு! நடுக்கம் இல்லை, எச்சில் சத்தம் இல்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றும் கழுவி வைத்த பாத்திரம்போல் துலக்கமாக வந்தன. பதினோரு வருஷமாக அவள் கேட்க ஆசைப்பட்ட குரல். நாற்பது நிமிடமும் நிங் கண்ணை மூடிக் கேட்டாள். பூரித்துப்போய் ‘சரி’ என்பதை அழுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது, நாற்பது நிமிடத்தில் மாரிவெல் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. மூச்சைப் பின்னால் வெட்டி எடுத்ததும் இல்லை. வெட்டினால் ஒலியில் ஒரு பள்ளம் தெரியும், அவள் காதுக்குத் தப்பாது.

கூடவே இன்னொரு சின்னப் பதிவும் இருந்தது. அறையின் வெறும் அமைதி, ஒரு நிமிடம். இடைவெளிகளை நிரப்ப எல்லாரும் கடைசியில் அனுப்புவது. நிங் அதை ஓடவிட்ட அதே நேரம் போன் அடித்தது. ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கி, அங்கே போனை ஒட்டிக்கொண்டாள். ஒலிப்புத்தகங்களைத் தயாரிக்கிற ரோமெல்.

“நிங் அக்கா, மாரிவெல் உங்ககிட்ட பேசினாளா? புதன்கிழமையிலேர்ந்து போனே எடுக்கல. அதான் நேரா லீப்பாவுக்கே வந்துட்டேன். பக்கத்து வீட்டுல சாவி இருந்துச்சு. இங்க யாரும் இல்லக்கா.”

“இப்பதானே அனுப்பினா.”

“எப்படி அனுப்புவா? புதன்கிழமை அடிச்ச காத்துல தெருவுக்கே கரன்ட் போயிடுச்சு, இன்னும் வரல. கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கு.”

நிங் திரையைப் பார்த்தாள், அமைதிப் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

“அலமாரி?”

“திறந்துதான் கிடக்கு. ஒரு நாற்காலி, ஒரு மைக். துணிகூட கிடையாது. வெறும் பலகை, கேளுங்க.” அவன் மூன்று முறை தட்டினான்.

ஹெட்போன் இருந்த மறுகாதிலும் மூன்று தட்டல் கேட்டது. பதிவுக்குள்ளே. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“இங்க!” மாரிவெல்லின் குரல். கரகரத்து, கிழிந்துபோய். “இங்க இருக்கேன்! யாரது? திறங்க!”

“ரோமெல், இன்னொரு தரம் தட்டு!”

தட்டினான். பதிவிலும் விழுந்தது. இருபத்தெட்டாவது விநாடி.

“அவ உள்ள இருக்கா ரோமெல். கத்தறா. எனக்குக் கேக்குது!”

“எதுக்குள்ளக்கா? கண்ணு முன்னாடி காலியா கிடக்கு.”

“உள்ள போய்ப் பாரு! முதல்ல உள்ள போ!”

போனில் நாற்காலி நகரும் சத்தம்.

“வேணாம்!” என்று பதிவுக்குள் மாரிவெல் அலறினாள். “வர வேணாம்னு சொல்லுங்க! அக்கா, நீங்களா? சொல்லுங்கக்கா!”

“ரோமெல், நில்லு! வெளிய வா!”

போனில் கதவு சாத்துகிற சத்தம். கொக்கி விழுந்தது. அப்புறம் மெத்தென்ற நிசப்தம்.

ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நான்கு.

பதிவில் ரோமெலின் குரல் கேட்டது.

“அக்கா, ஒரே இருட்டா இருக்கு. இவ்ளோ துணி எங்கேர்ந்து வந்துச்சு?”

அறுபது. பதிவு முடிந்தது.

நிங் மறுபடி ஓடவிட்டாள். தட்டல் இல்லை. அலறல் இல்லை. மறுபடி. ஒன்றுமில்லை. சுத்தமான, பழுதில்லாத அமைதி.

போன் மட்டும் துண்டிக்கப்படவில்லை. அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ரோமெல்?”

“பத்தாம் அத்தியாயம்” என்றான் ரோமெல்.

வாசிக்கத் தொடங்கினான். தெளிவாக. ஒரே சீராக. ஒரு வரி. இரண்டு வரி. ஒரு பக்கம்.

நிங் அவன் மூச்சுக்காகக் காத்திருந்தாள். ஒன்று. ஒரே ஒரு மூச்சு கேட்டால் போதும்.

அவன் வாசித்துக்கொண்டே போனான்.