துகள்கள் சாய்ந்த பக்கம்

போன வாரம் அளந்த கல்லை இன்று அளந்தபோது வேறு கோணம் காட்டியது. அவள் முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். மகளுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, இந்த லட்சணத்தில் எதைப் பார்த்தாலும் கோணலாகத்தானே தெரியும். கல்லின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் தகட்டைத் துடைத்து, மறுபடி நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரமில்லை. எரிமலை வெடித்துச் சரிவில் பாயும் சூடான சாம்பல், வெள்ளத்தில் வரும் கட்டைகளைப் போலத் தன் துகள்களை ஓட்டத்தின் போக்கிலேயே படுக்கவைத்துவிட்டு இறுகிக் கல்லாகிவிடும். வந்த பக்கம் நோக்கி அவை சற்றே சாய்ந்தும் இருக்கும். ஊரைச் சுற்றியுள்ள பாறைகளில் வடக்கை அம்புக்குறியால் குறித்து எடுத்த கற்களைத் தாள்போல அறுத்து, ஒவ்வொன்றின் சாய்வையும் வரைபடத்தில் கோடாக இழுத்தால், கோடுகள் சந்திக்கும் இடம்தான் எரிமலை வெடித்த வாய். அந்த மலை எந்தக் காலத்திலோ தேய்ந்து மண்ணாகிவிட்டது. வாய் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

போன வாரம் கோடுகள் மகளின் பள்ளிக்கூடத்தின் மேல் கூடின. "உனக்கு லீவு விட ஒரு காரணம் கிடைச்சாச்சு" என்று மகளைச் சீண்டிச் சிரித்தாள். இன்று எல்லாக் கற்களையும் திரும்ப அளந்து முடித்தபோது, கோடுகள் அவள் வீட்டின் மேல் கூடின.

"அண்ணா, தகடு எதுவும் மாறிப்போச்சா?"

கல் அறுப்பவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "நான் போட்ட அம்புக்குறி அப்படியே இருக்கு பாருங்க மேடம். கல்லுக்குள்ள இருக்கறது புரண்டா படுக்கும்? வீட்டுக்குப் போய் நல்லா தூங்குங்க."

அவர் போன பிறகு அறுக்கும் இயந்திரத்தின் கிறீச்சிடல் நின்று, குழாயில் நீர் சொட்டும் ஓசையும் ஈரக் கல்தூளின் வாசனையும் மட்டும் அறையில் மிஞ்ச, அவள் குனிந்து கண்ணை லென்சில் பதித்து, ஒரேயொரு துகளை, அரிசிமணி போன்ற நீளமான துகளை, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசைந்தது. கொஞ்சம்தான். ஆனால் அசைந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"பாப்பாவத் தூக்கிட்டு உடனே வெளிய வாங்க."

"என்ன சாம்பல் ராணி, வீடு பத்திக்கிச்சா? இப்பதான் கண்ணசந்தா. உடம்பு கொதிக்குது. தரைகூட சுடுது."

"தரை சுடுதா?"

"அவ படுத்திருக்கற இடத்துல மட்டும்."

"அய்யோ, தூக்குங்க! அந்த வீட்டுல ஒரு நிமிஷம் இருக்க வேணாம். நேரா இங்க லேபுக்கு வந்துடுங்க."

அவள் குரல் உடைந்ததும் அவன் கேலியை விட்டான். "சரி, அழாத. கிளம்பிட்டேன்."

கார்க் கதவு சாத்தப்படும் ஓசை போனில் கேட்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீடு போனால் போகட்டும். பிள்ளை தப்பித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு முறை உறுதி செய்துகொள்ளலாம் என்று மறுபடி குனிந்தாள்.

துகள்கள் திரும்பிக்கொண்டிருந்தன. எல்லாம். ஒரே சீராக. சாலையில் போகும் ஒரு வண்டியை வேடிக்கை பார்ப்பவர்களின் தலைகளைப் போல.

வேறு தகடு. அதிலும்.

பள்ளிக்கூடம். பிறகு வீடு. இப்போது சாலை.

வாய் என்றால் அது ஓர் இடம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். போனை எடுத்தாள். அதற்குள் வாசலில் மணி அடித்தது.

"இதோ உங்கம்மா" என்றான் கணவன், மகளைக் கீழே இறக்கிவிட்டு. அவன் சட்டையில், மகளின் கன்னம் பதிந்திருந்த தோள்பட்டை பழுப்பாகக் கருகியிருந்தது. அவன் கவனிக்கவில்லை.

அறையில் தீக்குச்சி உரசிய நாற்றம் பரவியது. மேசைக்கடியில் குவிந்திருந்த கல்தூள் மெல்லச் சலசலத்து, கோடு கோடாகப் பிரிந்து, மகளின் சின்னச் செருப்புகளை நோக்கிப் படுத்தது.

"அம்மா." குரல் கரகரத்தது. "தொண்டைல என்னமோ இருக்கு."

உதட்டோரம் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி. உள்ளே, நாக்குக்குப் பின்னால், சிவப்பு.

"வேணாம்டா கண்ணு. அடக்கிக்கோ. அம்மாகிட்ட வா."

வந்தாள். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இருமுவதற்காக மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள்.