சத்தமில்லாமல் மடங்கிய ஆறு தகடுகள்

போல்ட்டு என்பது அவளுடைய பட்டப்பெயர். ஒரு வேலையில் இறங்கிவிட்டால் முடியும்வரை நகரமாட்டாள் என்பதால் சித்தி வைத்தது.

சித்தி பள்ளி வேன் ஓட்டுபவர். துருப்பிடித்துக் கிடந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, வீட்டின் கீழ்த்தளத்தில் தானே சரிசெய்துகொண்டிருந்தார். எஞ்சின் தயார். தரைதான் சல்லடை மாதிரி ஓட்டையாக இருந்தது. ஆறு இரும்புத் தகடுகளின் விளிம்பை மடக்கி அங்கே பொருத்த வேண்டும். திங்கட்கிழமை வண்டியைச் சோதிக்க அதிகாரி வருகிறார்.

சனிக்கிழமை காலை சித்தி சுத்தியலை எடுத்தார். டங்! டங்! டங்!

ஐந்தாவது அடியில் மாடி வீட்டு அக்கா இறங்கி வந்தார். தோளில் கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

"ராத்திரி பூரா இவன் தூங்கல. இப்பத்தான் கண்ணை மூடினான்..."

அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. கோபப்படக்கூட அவரிடம் தெம்பில்லை.

"மன்னிச்சுக்கோம்மா" என்று சித்தி சுத்தியலைக் கீழே வைத்தார். அக்கா போனதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அடிக்காம எப்படிடி மடக்குறது? கெஞ்சினா மடங்குமா?"

போல்ட்டு வேனைச் சுற்றி வந்தாள். அடியில் ஜாக்கி நின்றது. நேற்று அவள்தான் அதன் கைப்பிடியை அழுத்தி வேனைத் தூக்கினாள்.

"சித்தி, இவ்ளோ பெரிய வேனையே ஜாக்கி கமுக்கமா தூக்குது. ஒரு தகட்டை மடக்காதா?"

"அது மேலேதானே தள்ளும்?"

"மேல போக விடாம ஒரு சட்டம் தடுத்தா? நடுவுல தகட்டை வெச்சா?"

சித்தி துள்ளி எழுந்தார்.

வேனைக் கட்டைகள்மேல் இறக்கிவிட்டு ஜாக்கியை எடுத்தார்கள். தடித்த இரும்புச் சட்டங்களை ஜன்னல் மாதிரி நாற்புறமும் சேர்த்து முடுக்கினார்கள். உள்ளே ஜாக்கி. அதன் தலையில், வாய் பிளந்தது போல ஓர் இரும்புக் கோணம். நேர் மேலே, சட்டத்தோடு சேர்த்து ஒரு தடித்த கம்பி. மடக்கியதும் ஜாக்கி கீழே இறங்க, இருபுறமும் இரண்டு ஸ்பிரிங்குகள்.

தகட்டை நடுவில் வைத்துப் போல்ட்டு கைப்பிடியை அழுத்தினாள். ஒரு பக்கம் மடங்கியது. மறுபக்கம், ம்ஹூம்!

"கோணவாய் வெச்சுக்கிட்டு நம்மளப் பாத்துச் சிரிக்குது பாரு" என்றார் சித்தி.

போல்ட்டு சிரிக்கவில்லை. ஒரு நூலால் சட்டத்தை அளந்து, அதை இரண்டாக மடித்து, நடு இடத்தைப் பார்த்தாள். ஜாக்கி இரண்டு விரல் தள்ளி நின்றது. நகர்த்தினாள். மறுபடி அழுத்தினாள்.

க்ரிச்... அவ்வளவுதான் சத்தம். விளிம்பு நேர்க்கோடாக மடங்கியது.

மாலையில் அக்கா தயங்கித் தயங்கி வந்தார். குழந்தை அவர் தோளில் அயர்ந்து தூங்கியது.

"என்னால உங்க வேலை நின்னுபோச்சேன்னு..."

அப்போதுதான் மடங்கிய ஆறு தகடுகள் அவர் கண்ணில் பட்டன. "இதெல்லாம் எப்ப செஞ்சீங்க? ஒண்ணுமே கேக்கலையே!"

போல்ட்டு உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவாக்கா, தம்பி முழிச்சிடுவான்."

ஞாயிற்றுக்கிழமை தரை பொருந்தியது. திங்கட்கிழமை வந்த அதிகாரி அதன்மேல் மூன்று முறை குதித்துப் பார்த்தார்.

"பிரமாதம்மா. எந்தப் பட்டறையில மடக்குனீங்க?"

"எங்க வீட்டுலயேதான் சார். அதுக்கு மெஷின் செஞ்ச இன்ஜினியரம்மா ஸ்கூலுக்குப் போயிருக்காங்க" என்றார் சித்தி. "சாயங்காலம் நாலு மணிக்கு வந்தா பாக்கலாம்."