சண்டை பார்க்காத எல்லைச்சாமி

மழை வலுக்கட்டும் என்று ஜான்சன் காத்திருந்தான். மழை வலுத்தால் ஓரிக்கை கூட்டுரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஒருவன் தன்னைத் தானே கிழித்துப்போட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

தன்னை என்றால்... பத்தடி உயரத்தில் பேனரில் நின்ற தன்னை.

முந்தின நாள் லீவில் வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியவனை, போட்டோவில் பார்த்திருந்த அந்த பேனர்தான் நேரில் வரவேற்றது. பின்னால் பனிமலை. மலைக்கு முன்னால் பீரங்கி. பீரங்கிக்கு முன்னால் அவன். சரியாகச் சொன்னால், கழுத்துக்கு மேலே மட்டும் அவன். கழுத்துக்குக் கீழே இருந்தவன் எந்த நாட்டு ராணுவம் என்று மூன்று வருஷம் ராணுவத்தில் இருந்த ஜான்சனுக்கே தெரியவில்லை. முறுக்கிவிட்ட மீசை யாருடையது என்பது தனி மர்மம். 'எங்கள் தெருவின் எல்லைச்சாமியே வருக!' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே அவன் நண்பன் பூவராகவனும், நண்பன் என்று சொல்லிக்கொண்ட இன்னும் பலரும் கூலிங்கிளாஸோடு.

மழை வலுத்தது. பேனர் கட்டியிருந்த மதில்மேல் ஏறி, பிளேடால் மூலைக்கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான்.

“யோவ்! கீழ இறங்குயா!”

திரும்பினான். ஸ்கூட்டியில் ஒரு பெண். ரெயின்கோட் தொப்பிக்குள் இரண்டு கண்கள் மட்டும்... இமையில் தொங்கிய மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கண்மை கரைந்திருந்தது. கோபம் கரையவில்லை.

“மிலிட்டரிக்காரர் பேனர்யா அது! அதுல கை வைக்க எப்படி மனசு வந்துச்சு? அவரு அங்க பனியில நின்னுக்கினு இருக்காரு, நீ இங்க...”

“அவரு பனியில நிக்கலீங்க.”

“உனக்கு ரொம்பத் தெரியுமா?”

“ஓரளவுக்குத் தெரியும். அவரு இப்ப மதில்மேல நனைஞ்சுக்கினு நிக்கறாரு.”

அவள் பேனரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி பேனரை.

“மீசை எங்க?”

“அதைத்தாங்க நானும் தேடறேன். எந்தப் புண்ணியவான் ஒட்டினானோ...”

“நான்தான் ஒட்டினேன்.”

அவள் பெயர் அகிலா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். தன் கைவேலையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வந்தவள், அது பாதி அறுந்து தொங்கும்போது வந்து சேர்ந்திருந்தாள்.

“உங்க ஃப்ரண்டு குடுத்தது ஆதார் கார்டு போட்டோ. அதுல திருடன் மாதிரி இருந்தீங்க. அதை எல்லைச்சாமி ஆக்கறதுன்னா சும்மாவா?”

'யோவ்' எப்போது 'நீங்க' ஆனது என்று அவன் கவனிக்கவில்லை என்றால் அது பொய்.

“ஒடம்பு வேற நாட்டுக்காரன்துங்க. எங்க ஹவில்தார் பார்த்தாருன்னா என்னை அந்த நாட்டுக்கே பார்சல் பண்ணிடுவாரு.”

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் மழை சாய்ந்து அடிக்க, அவன் குதித்து இறங்கினான். இருவரும் எதிரே டீக்கடைத் தகரக் கூரைக்கு ஓடினார்கள். டம்ளரை வாங்க அவன் கையை நீட்டியபோது முழங்கைக்குக் கீழே இருந்த நீளத் தழும்பை அவள் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“இது... குண்டா?”

அது புல் வெட்டும் மெஷின். ஆபீசர் பங்களாத் தோட்டத்தில், ரோஜாப் பாத்தியைக் காப்பாற்றப்போய்க் கிடைத்த விழுப்புண். அதைச் சொல்ல வாயும் திறந்துவிட்டான். ஆனால் அவள் கண்கள்... மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பெற்ற அம்மாகூட.

“ம்...” என்றான்.

ஒரே ஓர் எழுத்து.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்த 'ம்' தானாக வளர்ந்தது. சர்வதீர்த்தக் குளத்துப் படியில் உட்கார்ந்து அகிலா கேட்பாள், “அங்க ரொம்பக் குளிருமா?” “ம்.” “பயமா இருக்காதா?” “ம்ஹூம்.” அவள் அவனுக்குக் கடலை வாங்கித்தருவாள். காசு கொடுக்கப்போனால், “நாட்டைக் காப்பாத்தறவரு கடலைக்கும் காசு குடுக்கணுமா?” என்று கையைத் தட்டிவிடுவாள். கடலை சாப்பிடும்போதெல்லாம் ஜான்சனுக்குத் தரையைப் பார்க்கவேண்டியிருந்தது. காதில் சூடு ஏறும். வெட்கம் என்று நினைத்து அவள் இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருவாள். அது வெட்கம் இல்லை, அவமானம் என்று எப்படிச் சொல்வது? நகர்ந்து போய்விட்டால்?

சொல்லிவிடலாம், நாளைக்கு. தினமும் நாளைக்கு.

ஒரு மாலை அவள் உற்சாகமாக வந்தாள். “எங்க குமரன் இருக்கான் இல்ல, என் தம்பி... காலேஜுக்கு முழுக்குப் போடறேன்னு நிக்கறான். ஆள் எடுக்கற கேம்புக்குப் போறானாம். எல்லாம் உங்க தழும்புக் கதை கேட்டுதான். அப்பா குதிக்கறாரு. நீங்க ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அப்பா கேப்பாரு.”

கையிலிருந்த கடலைப் பொட்டலம் குளத்தில் விழுந்தது. மீன்களுக்குக் கொண்டாட்டம்.

பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டு முன்னறையிலேயே தறி. அகிலாவின் அப்பா கலியாணசுந்தரம் எழுந்திருக்கவில்லை. தறியில் கை ஓட, கண்ணால் மட்டும் வரவேற்றார். குமரன் புது ஷூ போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். அகிலா காபியோடு சமையல்கட்டு வாசலில் நின்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க முடியாமல் ஜான்சன் காலண்டரைப் பார்த்தான்.

“தம்பி, தப்பா எடுத்துக்காத” என்றார் கலியாணசுந்தரம். “சண்டை நடக்கறப்ப பட்டாளத்தான் என்ன பண்ணுவான்னு டிவியில காட்டறான். சண்டையே இல்லாதப்ப என்னாப்பா பண்ணுவான்? இருக்கற படிப்ப வுட்டுட்டு, அதுக்கு ஒருத்தன் போவணுமா?”

“அப்பா! அண்ணன் குண்டடி பட்டவருப்பா!” குமரன் பாய்ந்து வந்து ஜான்சனின் சட்டைக் கையை மேலே சுருட்டினான். “காட்டுங்கண்ணா!”

தழும்பு வெளிச்சத்துக்கு வந்தது.

இன்னொரு 'ம்' போதும். அகிலாவின் கண்கள் அப்படியே இருக்கும். இந்தப் பையன் கிளம்பிப் போவான்...

“குண்டு இல்ல” என்றான் ஜான்சன். “புல்லு வெட்டற மெஷின்.”

தறி நின்றது.

“நான் எல்லையப் பார்த்ததே இல்ல சார். சேர்ந்த நாள்ல இருந்து கேம்ப்லதான். காலைல ஓடுவோம். அப்புறம் புல்லு வெட்டுவோம். ரோட்டோரக் கல்லுக்குக் காவியும் சுண்ணாம்பும் அடிப்போம். பெரிய ஆபீசர் வர்றாருன்னா அடிச்ச கல்லுக்கே மறுக்கா அடிப்போம். சுட்டுப் பழக அட்டையில வரைஞ்ச ஆளு ஒருத்தன் இருக்கான். இன்னிக்கி வரைக்கும் அவன் திருப்பிச் சுட்டதில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. அகிலா பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் இல்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்தது.

“ஒருநாள் விடியற நேரம் காவலுக்கு நின்னுக்கினு இருந்தேன். புதருல என்னவோ அசைஞ்சுது. 'தம்! கோன் ஆதா ஹை?'ன்னு கத்தினேன். நில்லு, யாரு வர்றதுன்னு அர்த்தம். எருமை. மரியாதையா நின்னுச்சு. அது எருமைன்னு தெரிஞ்ச அப்புறமும் என் கை நடுங்கிக்கினே இருந்துச்சு.”

“பரவால்லண்ணா” என்றான் குமரன், அழுகிற குரலில்.

“இன்னும் இருக்குது, கேளு. ஊர்ல பேனர் வெச்சிருக்கறாங்கன்னு போட்டோ அனுப்பினானுங்க. அதைப் பார்த்துட்டு அன்னிக்கி என்ன நெனச்சேன் தெரியுமா? ஒரு சண்டை வந்தா தேவலன்னு. சின்னதா ஒண்ணு. பேனர்ல இருக்கறது நெசமாவறதுக்கு. பக்கத்துக் கட்டில்ல ஆந்திராக்காரன் ஒருத்தன் தூங்கினு இருந்தான். எனக்கு ஜுரம் வந்தப்ப ராவெல்லாம் முழிச்சிருந்து ஈரத்துணி போட்டவன். சண்டை வந்தா அவன்தான் எனக்கு முன்னாடி ஓடுவான்... என் மூஞ்சியக் காப்பாத்த அவன் சாவணுமா? அதை நெனச்சாத்தான் சார் எனக்கு வெக்கமா இருக்குது. புல்லு வெட்டறதுக்கு இல்ல.”

காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

“அப்போ பட்டாளமே வேஸ்ட்டாண்ணா?”

“தெரியலடா. நான் அங்க நிக்கறதால யாரும் வரலியா, இல்ல வர்றதுக்கே ஆள் இல்லியா... அது எனக்குத் தெரியாது. தெரியாமலே தினம் எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போடணும். அது முடியும்னா வா. சோறு நல்லா இருக்கும், வீட்டுக்குப் பணம் போவும், அந்த ஆந்திராக்காரன் மாதிரி ஒருத்தன் கெடைப்பான். இப்பல்லாம் நாலு வருஷத்துக்குத்தான் எடுக்கறாங்க. அது முடிஞ்சா நாலு பேர்ல ஒருத்தனத்தான் வெச்சிக்குவாங்க, மிச்சம் பேரு வூட்டுக்கு. அதுல நான் எந்தப் பக்கம்னும் தெரியாது. எல்லாத்தையும் யோசிச்சு நீ முடிவு பண்ணு. என் பொய்ய நம்பிக் காலேஜ வுடாத.”

எழுந்தான். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். யாரும் இரு என்று சொல்லவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது இடது வலது மாறிப்போனது.

தெருமுனை வரை போயிருப்பான். தூறல் பிடித்தது.

“நில்லுங்க!”

அகிலா ஓடிவந்தாள். குடை இல்லை. துப்பட்டா ஒரு பக்கமாகத் தரையில் இழுபட்டது.

“என்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“நான் எங்க சொன்னேன், வெறும் 'ம்'னுதான்...” அவள் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினான். “சரி. பொய்தான்.”

“எதுக்கு?”

“உங்க கண்ணு பெருசாச்சு. அது மறுபடி சின்னதாவறதப் பார்க்க முடியல.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “கடையில, தெருவுல, எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரிஞ்சேன். இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வெளிய போறது? மொத்த மானமும் போச்சு.”

“மன்னிச்சிடுங்க.”

“கடைக்கு வர்ற அத்தன பேரும், தொப்பையக் கொறை, முடி போடு, செவப்பா ஆக்குன்னுதான் கேப்பாங்க. எங்கப்பா எதிர்ல நின்னு ஒட்டினது எல்லாத்தையும் தானே கழட்டிப் போட்டுட்டுப் போற ஆள இன்னிக்கிதான் பார்க்கறேன்.” மழையா கண்ணீரா, பிரித்துப் பார்க்க முடியவில்லை. “கோவமா வருது. ரொம்பக் கோவமா வருது. அதோட இன்னொண்ணும் வருது. ரெண்டும் ஒண்ணா வர்றதுதான் கஷ்டமா இருக்குது.”

ஜான்சன் தெருவின் இரு பக்கமும் பார்த்தான்.

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, அகிலா. எங்க தெரு வேற. உங்கப்பா...”

“எங்க தெரு, உங்க தெரு எல்லாம் எனக்கும் தெரியும்.”

“எங்க ரூல்ல நாலு வருஷம் முடியற வரைக்கும் கல்யாணம் பண்ணக்கூடாது. இன்னும் ஒரு வருஷம்...”

“இப்ப உங்களக் கல்யாணத்துக்கு யாரு கூப்பிட்டா?” மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். “சொல்றதுக்கு ஏதாவது இருந்தா, இப்படி ரோட்டோரத்துல சொல்லாதீங்க. ரோட்டோரத்துல சொன்னதெல்லாம் போதும்.”

அவள் பார்வை வீட்டு வாசலைக் காட்டியது. அங்கே மறுபடி தறிச்சத்தம்.

கேம்பில் ஓடு என்றால் ஓடியிருக்கிறான், படு என்றால் படுத்திருக்கிறான். இப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தை நோக்கித் தானாக நடந்தான். ஈரத்துணி சலசலக்க அவள் பின்னால் வந்தாள்.

கலியாணசுந்தரம் நிமிர்ந்தார். “என்னாப்பா? இன்னும் ஏதாவது பொய் பாக்கி இருக்குதா?”

“பொய் இல்ல சார்.” கனைத்துக்கொண்டான். “உங்க பொண்ண எனக்குப் பிடிச்சிருக்குது. அவங்க என்னைப் பெரிய ஆளுன்னு நெனைக்கறதுக்கு முன்னாடியே, என்னைத் திட்டினப்பவே பிடிச்சுப்போச்சு. உங்களுக்குத் தெரியாம அவங்ககூட உக்காந்து பேசினதும் தப்புதான் சார். அதையும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

குமரன் வாயைப் பிளந்தான். அகிலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கலியாணசுந்தரம் தறியிலிருந்து கையை எடுத்தார். மகளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. பிறகு ஓரத்தில் கிடந்த முக்காலியைக் காலால் முன்னே தள்ளினார்.

“உக்காரு. மொதல்லருந்து சொல்லு... எதையும் கூட்டாம சொல்லு.”