பின்கட்டுத் தூணின் ஈரச் சாக்கு

காலையில் நனைத்துக் கட்டிய கோணிச்சாக்கு, அந்தி சாய்ந்த பிறகும் உடம்பைப் போலச் சூடாக இருந்தது. மலர்க்கொடி கையை வெடுக்கென்று எடுத்தாள். புதுச் சுண்ணாம்புப் பூச்சு வெடிக்காமலிருக்கத் தூணில் ஈரச் சாக்கைப் போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது வழக்கம். அந்த மிராசு வீட்டின் எல்லாத் தூண்களுக்கும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். மற்றவை குளிர்ந்து கிடந்தன.

பின்கட்டுத் தாழ்வாரத்தின் இந்த ஒரு தூணில் மட்டும் இடுப்பு உயரத்தில் கயிறு தின்ற பள்ளம் இருந்தது. பண்ணையாட்களைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்த தூண். அவளுடைய பூட்டனையும் இதில்தான் கட்டினார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பழைய வீடுகளைச் சீரமைக்கும் பொறியாளராக அவள் தனியாக எடுத்த முதல் வேலை இது. பள்ளத்தை அப்படியே விடவேண்டும் என்று வாதாடிப் பார்த்தாள்.

வீட்டை உணவகமாக மாற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ராஜ்குமார் சிரித்தார். “பாரம்பரியம்னா போட்டோ எடுக்குற மாதிரி இருக்கணும் மேடம். சாப்பிட வர்றவன் இதையா பாக்கணும்? பூசிடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள வெச்சுக்கிறேன்.”

கொத்தனார்கள் யாரும் அந்தத் தூணில் கை வைக்கவில்லை. அவளே கரணை பிடித்துப் பூசினாள்.

இப்போது அவர்களும் போய்விட்டார்கள். வெளியே சம்பா வயலில் தவளைகள் ஓயாமல் கத்த, ஈரச் சாக்கின் நெடிக்கும் சுண்ணாம்பில் கலந்த கடுக்காயின் துவர்ப்பு வாடைக்கும் அடியிலிருந்து வேறொன்று மெல்ல மேலேறி வந்தது. சாணம். வியர்வை.

தவளைகள் நின்றன.

பளீர்.

சாக்கு துடித்தது. உள்ளே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பளீர். சாக்கின் குறுக்கே சிவப்பாய் ஒரு கோடு ஊறியது.

“மேடம், ஆச்சுங்களா?” முன்கட்டிலிருந்து ராஜ்குமார் கேட்டார். செருப்புச் சத்தம் நெருங்கியது.

அவள் கத்தியால் கயிற்றை அறுத்தாள். சாக்கு சரிந்தது. யாருமில்லை. ஈரச் சுண்ணாம்பில் ஒரு முகம் அழுந்திய தடம் மட்டும். கன்னம். திறந்த வாய். மூக்கோரம் ஒரு சின்னக் குழி.

தன் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தாள்.

செருப்புச் சத்தம் பின்னால் நின்றது. தரையில் கிடந்த மீதிக் கயிற்றை ஒரு கை எடுத்தது.

பளீர்.

முதுகு கிழிந்தது. முகம் தடத்துக்குள் போய்ப் பொருந்தியது. வாய் நிறையச் சுண்ணாம்பு. கைகள் தாமாகத் தூணைக் கட்டிக்கொண்டன.

“நான் இல்லீங்க மேடம்…” பின்னால் ராஜ்குமார் குழந்தையைப் போல அழுதார். “கை நிக்க மாட்டேங்குது…”

பளீர்.

அறுந்த கயிறு அவள் மணிக்கட்டுகளைச் சுற்றி இறுகியது. புதுப் பூச்சை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கி, பழைய பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.